கேக் வாங்க கல்கத்தா!

ஒரு கேக் வாங்குவதற்காக 1,600 கிலோமீட்டர் ரயிலில் போய், அதே 1,600 கிலோமீட்டர் திரும்பி வந்தவனை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்? எங்கள் ஆபீஸில் சொன்னதை அச்சில் போட முடியாது.

போன டிசம்பரில் எனக்கு இரண்டு நாள் கேஷுவல் லீவ் பாக்கி. எடுக்காவிட்டால் வருஷக் கடைசியில் காலாவதி. வெள்ளியும் திங்களும் போட்டால் நடுவில் சனி, ஞாயிறு இலவசம். 'கிறிஸ்துமஸ் சீஸன்ல ஏதாவது ஒரு ஊருக்குப் போய், நாலு கடை ஏறி இறங்கி, லைட் பார்த்துட்டு வரலாம்னு இருக்கேன்' என்று கேன்டீனில் வாயைத் திறந்தேன். அவ்வளவுதான். டீ ஆறுவதற்குள் ஆளுக்கொரு திசையில் இழுத்துவிட்டார்கள்.

"பெங்களூர் போடா. ராத்திரி பஸ் ஏறினா காலையில கமர்ஷியல் ஸ்ட்ரீட். இதுக்கு எதுக்கு யோசனை?" என்றான் பக்கத்து சீட்டுக்காரன். நியாயம்தான். சிவாஜி நகரில் 1927-ல் கட்டிய ரஸ்ஸல் மார்க்கெட், பக்கத்திலேயே செயின்ட் மேரீஸ் பஸிலிக்கா, சாயந்திரம் பிரிகேட் ரோடு லைட்டு. பெங்களூருக்கு எதிராக எனக்கு ஒன்றுமில்லை. அங்கே ஆட்டோவில் உட்கார்ந்து லைட்டையே, அதாவது சிக்னல் லைட்டையே, எத்தனை நேரம் பார்ப்பது என்பதுதான் பிரச்னை.

கொச்சி என்றார் டெஸ்பாட்ச் ஆள். ஆனால் ஃபோர்ட் கொச்சியில் நிஜமான கூத்து டிசம்பர் 31-ல். 'பப்பாஞ்ஞி' என்ற தாத்தா பொம்மையை நடுராத்திரி கொளுத்துவார்கள். அதற்கு லீவ் இல்லை. "கேக்குதான்னா தலச்சேரி சார்! இந்தியாவுல கிறிஸ்துமஸ் கேக் மொதல்ல சுட்டதே அங்கதான்" என்று 1883-ஐயும் மம்பள்ளி பாபுவையும் இழுத்தார் எங்கள் பாலக்காட்டு கேஷியர். அடுத்து ஒருவன் கோவா என்றான். அதற்குப் பிறகு யாரும் ஷாப்பிங் பற்றிப் பேசவில்லை.

உண்மையில் ஸ்டாரும் சீரியல் பல்பும் வாங்க ஊர் விட்டு ஊர் போகவே வேண்டாம். பாரிமுனையில் ஈவ்னிங் பஜாருக்குள் நுழைந்தால் மூட்டை கட்டிக்கொண்டு வரலாம். போனில் அமுக்கினால் வாசலுக்கே வரும். அப்புறம் எதற்காக ஒரு ஊர்?

இந்தக் கேள்வியோடு வீட்டுக்கு வந்தேன். வீடு பெரம்பூரில், மாடிப் போர்ஷன். கீழே ஹவுஸ் ஓனர் ஆன்ட்டி. ஆங்கிலோ இந்தியன், வயது 79. புருஷன் ரயில்வேயில் இருந்து ரிட்டயராகி, போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. ஒரே பையன் ஆஸ்திரேலியாவில். 'தனியா இருந்தது போதும் மம்மி' என்று டிக்கெட் போட்டுவிட்டான். ஜனவரி கடைசியில் ஆன்ட்டி பெர்த்துக்குக் கிளம்புகிறார், ஒரேயடியாக. வீடு கைமாறுகிறது. என்னுடைய அட்வான்ஸை நவம்பரிலேயே எண்ணி, கவரில் போட்டு, என் பெயரை எழுதி பீரோவில் வைத்துவிட்டார். அந்தக் கவரை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றில் ஏதோ செய்யும்.

விஷயத்தைச் சொன்னேன். ஆன்ட்டி நிமிரவே இல்லை. காய் நறுக்கிக்கொண்டே, "கிறிஸ்துமஸ் ஷாப்பிங்னா கேல்கட்டா மேன். மத்ததெல்லாம் சும்மா" என்றார்.

ஆன்ட்டி பிறந்தது அங்கே. கல்யாணமாகி 21 வயதில் பெரம்பூர் வந்தவர். ஊர் 2001-லேயே கொல்கத்தா ஆகிவிட்டது என்று நான் ஒரு தடவை சொல்லி, வாங்கிக் கட்டிக்கொண்டதால் இப்போது சொல்லவில்லை.

"போறதுன்னா ரெண்டு சாமான் வாங்கிட்டு வர்றியா?" என்றார். பழைய பில்லின் பின்பக்கம் எழுதியும் கொடுத்தார். ஒன்று, நியூ மார்க்கெட் நாஹூம் கடை ப்ளம் கேக். இரண்டு, பாண்டல் சீஸ். மூன்றாவதாக ஒரு தொப்பிக் கடை பெயர், ரிப்பன் வாங்க. அதற்குக் கீழே ஒரு விலாசம்.

"இது என்ன ஆன்ட்டி?"

"எங்க வீடு. சும்மா பாத்துட்டு வா. ரெண்டாவது மாடி, மூலை ஜன்னல்."

வியாழன் சாயந்திரம் சென்ட்ரலில் ஹவுரா மெயில் ஏறினேன். ஒரு பகல் முழுக்க ஆந்திராவையும் ஒடிசாவையும் ஜன்னலில் பார்த்தால், வெள்ளி ராத்திரி ஹவுரா. ரூம் சடர் ஸ்ட்ரீட்டில். வெள்ளைக்காரப் பையன்கள் முதுகு மூட்டையோடு தங்கும் தெரு. அங்கிருந்து நியூ மார்க்கெட் நடந்தே போகிற தூரம்.

மார்க்கெட்டைக் காலையில் பார்த்தேன். சிவப்புச் செங்கல், மணிக்கூண்டு, கோயில் மதில் மாதிரி நீளம். 1874 ஜனவரி 1-ல் திறந்தது. 1985 டிசம்பரில் தீப்பிடித்து ஒரு பகுதி போய்விட்டது, திரும்பக் கட்டினார்கள். வாசலில் காலெடுத்து வைப்பதற்குள் பெரிய கூடையோடு ஒருவர் ஒட்டிக்கொண்டார். நாம் வாங்குவதைக் கூடையில் போட்டுத் தலையில் சுமந்து வருகிற போர்ட்டர். 'ஒரு கேக் மட்டும்தான்' என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். நம்பவில்லை. உள்ளே கலர் பேப்பர் ஸ்டார், பஞ்சுப் பனி, அரையடி மரத்திலிருந்து ஆளுயர மரம் வரை. அரை மணி நேரத்தில் எனக்கே என்மேல் நம்பிக்கை போய்விட்டது.

நாஹூம் கடைக்கு வழி கேட்க வேண்டாம். வரிசையின் வாலைப் பிடித்துக்கொண்டால் போதும். எனக்கு முன்னால் மங்கி கேப் போட்ட தாத்தா. (பதினைந்து டிகிரிக்கு இமயமலை ஏறுகிற மாதிரி மூடிக்கொள்வது வங்காளிகளின் பிறப்புரிமை.) பின்னால் பர்தா அணிந்த அம்மாவும் இரண்டு வாண்டுகளும். கடையை 1902-ல் ஆரம்பித்தவர் பாக்தாத் வழி வந்த யூதர். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்த யூதர்கள் இன்று ஊரில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான். ஆக, யூதர் கடை, கிறிஸ்தவப் பண்டிகை, வரிசையில் மற்ற எல்லாரும். தாத்தாவிடம், "நீங்கள் கிறிஸ்தவரா?" என்று கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்தார். "சாட்டர்ஜி. பிராமின்" என்றார். "அதனால் என்ன? இது பொரோ தின்."

பொரோ தின் என்றால் பெரிய நாள். கிறிஸ்துமஸுக்கு வங்காளியில் அதுதான் பெயர்.

ஒன்றரை மணி நேரம் நின்றேன். உள்ளே பழைய மர அலமாரி, கண்ணாடிக்குள் கேக், கல்லாவில் கூட்டம். இரண்டு ப்ளம் கேக் வாங்கினேன்: ஆன்ட்டிக்கு ஒன்று, என்னைக் கேலி செய்த கேன்டீனுக்கு ஒன்று. கூடைக்காரர் அதற்குள் வேறு கிராக்கியோடு போயிருந்தார். பாண்டல் சீஸும் அதே மார்க்கெட்டில் கிடைத்தது. ஹூக்ளிக் கரையில் போர்ச்சுக்கீசியர் இருந்த ஊரின் பெயர். வடைக்குத் தம்பி மாதிரி சின்ன வட்டம், புகை வாசனை, வாயில் வைத்தால் உப்பு. ராத்திரி தண்ணீரில் ஊறவைத்துச் சாப்பிட வேண்டுமாம். இதைக் கடைக்காரர் சொல்வதற்குள் நான் ஒன்றைக் கடித்துத் தொலைத்தேன்.

தொப்பிக் கடை இல்லை. நாலு பேரைக் கேட்டேன். நாலாமவர், "என் அப்பா இருந்தால் தெரிந்திருக்கும்" என்றார். ரிப்பனை வேறு கடையில் வாங்கினேன்.

அன்று ராத்திரி பார்க் ஸ்ட்ரீட். 2011-லிருந்து அரசாங்கமே விழா எடுக்கிறது. தெரு முழுக்க லைட், லைட்டுக்குக் கீழே தலை, தலையில் மினுக்கும் கொம்பு. பத்தடி நடக்கப் பத்து நிமிஷம். பார்த்தாயிற்று, போதும்.

ஞாயிற்றுக்கிழமைதான் அந்த விலாசம். எஸ்பிளனேடில் மெட்ரோ ஏறி (இந்தியாவின் முதல் மெட்ரோ, 1984) இரண்டாவது ஸ்டேஷனான சென்ட்ரலில் இறங்கி விசாரித்துக்கொண்டே நடந்தால், பௌ பேரக்ஸ். முதல் உலக யுத்தத்தில் சிப்பாய்களுக்காகக் கட்டியது. யுத்தம் முடிந்ததும் ஆங்கிலோ இந்தியர்கள் வாடகைக்கு வந்தார்கள். சிவப்புச் சுவர், பச்சை ஜன்னல், ஜன்னலுக்கு ஜன்னல் துணி. பிறகு பாதிப் பேர் ஆன்ட்டியின் பையனைப் போலவே ஆஸ்திரேலியா, கனடா என்று போய்விட்டாலும், டிசம்பரில் அந்தச் சந்து ஒரு கல்யாண வீடு.

இரண்டாவது மாடி, மூலை ஜன்னல். அண்ணாந்து பார்த்தேன். மூடியிருந்தது. போன் எடுத்து போட்டோ பிடிக்கப் போனபோது, கையில் ஸ்டாரோடு ஒரு பையன், "அங்கிள், கொஞ்சம் ஏணியைப் பிடியுங்கள்" என்றான். (எனக்கு வயது 29. அங்கிளாம்!) பிடித்தேன். அவன் ஏறிச் சரியாக அந்த ஜன்னலுக்குக் கீழே ஸ்டாரைக் கட்டினான். ஒரு ஸ்டார் இல்லை. பதினொன்று. போட்டோ எடுக்கவே இல்லை.

திரும்பும்போது ரயிலில் எதிர் பெர்த்தில் ஒரு வங்காளிக் குடும்பம். வேலூருக்கு, ஆஸ்பத்திரிக்கு. அந்த அம்மாவுக்கு ஆபரேஷன், 24-ம் தேதி அட்மிஷன். கேக் டப்பாவைப் பார்த்ததும் அவர்களுடைய சின்னப் பெண் கடையின் பெயரைச் சத்தமாகப் படித்தாள். அம்மா அவளை அதட்டிவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கேன்டீன் கேக் எங்கே போயிற்று என்று நீங்கள் ஊகித்திருப்பீர்கள். ஆபீஸில் அச்சில் போட முடியாததைச் சொன்னதற்கு அதுதான் காரணம்.

செவ்வாய் விடிவதற்குள் பெரம்பூர். ஆன்ட்டி முழித்துக்கொண்டிருந்தார். டப்பாவைத் திறந்து முகர்ந்தார். கத்தியைக் கொண்டுவந்து நோட்டு அட்டை கனத்துக்கு மெல்லிசாக நறுக்கினார். தெருவில் பதினாறு வீடு. பதினாறு தட்டு. 25-ம் தேதி கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. அவருக்கென்று மிஞ்சியது ஓரத் துண்டு. ரிப்பனைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது அந்தக் கடை இல்ல" என்றார்.

"கடை இல்ல ஆன்ட்டி."

"வீடு?"

ஜன்னல் மூடியிருந்ததை, ஸ்டாரை, ஏணியை எல்லாம் சொன்னேன். கையில் கேக்கோடு கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அந்த எடத்துல தரை சரிவு மேன். ஏணி வழுக்கும். நல்லா புடிச்சியா?"

"புடிச்சேன் ஆன்ட்டி."