நனைந்த தானியமும் பழைய காரும்

பழைய கார் வாங்குவது நம் போன்ற நடுத்தரக் குடும்பங்களுக்கு ஆடம்பரம் அன்று. சூலக்கரையில் வாழும் எங்களுக்கு அது தேவையாகவே இருந்தது. மூட்டுவலியால் பேருந்துப் படி ஏற இயலாத அத்தாவை, மாதந்தோறும் மதுரைக்கு மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு பெட்ரோல் கார் வாங்கினோம். மெக்கானிக்கை உடன் அழைத்துச் சென்று, ஓட்டிப் பார்த்தே வாங்கினோம். அன்று எஞ்சினில் எந்தச் சத்தமும் இல்லை.

பத்து நாள் கழிந்தது. மதுரைக்குப் போகும் வழியில், திருமங்கலத்தை எட்டுவதற்குள் எஞ்சினின் அடியிலிருந்து 'டொக், டொக்' என்று ஓசை எழுந்தது. ஆயில் விளக்கும் சிவப்பாய் எரிந்தது.

"பாய், மேலே மெல்லிசா 'டிக் டிக்'னு கேட்டா டேப்பெட், சின்னச் செலவு. அடியில கனமாக் கேட்டு, ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்கக் கூடினா, கனெக்டிங் ராடு பேரிங் தேஞ்சிருச்சுன்னு அர்த்தம்" என்றார் மெக்கானிக். எஞ்சினை இறக்கி, கிராங்கைத் தேய்த்துச் சமன்செய்து, அதற்கேற்ற பேரிங் பொருத்த வேண்டுமாம். செலவோ காரின் விலையில் மூன்றிலொரு பங்கு! வடித்த ஆயில் பாகு போல் கெட்டியாக இருந்தது. கெட்டி ஆயில் தேய்ந்த இடைவெளியை நிரப்பி ஓசையை அடக்கும். ஓட ஓட அது நீர்த்ததும் குட்டு வெளிப்படும்.

விற்றவரைக் கேட்டோம். "பழைய வண்டி என்று தெரிந்துதானே வாங்கினீர்கள்?" என்றார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், உண்மையைத் தெரிந்தே மறைப்பதை மோசடி என்றுதான் கொள்கிறது. ஆனால் அதை மெய்ப்பிக்கச் சான்று வேண்டுமே!

"அதே ஆயிலை ஊற்றி நீங்களும் தள்ளிவிடுங்கள்" என்று உறவினர் ஒருவர் யோசனை கூறினார். அத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாம் இழந்ததை இன்னொரு வீட்டில் போய் வசூலிப்பதா?" என்றார். கடைவீதியில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரத்தைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், நனைந்ததை மேலே வைத்திருக்கலாகாதா என்று வணிகரைக் கண்டித்த நிகழ்ச்சியை எங்களுக்கு நினைவூட்டினார். அந்த நபிமொழி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது.

முறையான ஆயிலையே ஊற்றினோம். வாங்க வந்த சிவகாசிக்காரரிடம் சத்தத்தைக் கேட்கச் செய்து, பழுதையும் எடுத்துச் சொன்னோம். பழுதுச் செலவைக் கழித்துக்கொண்டு அவர் வாங்கிச் சென்றார். அடுத்த ஓராண்டு வாடகைக் காரில்தான் அத்தா மதுரைக்குப் போய்வந்தார். அதற்காக வீட்டில் பல செலவுகளைச் சுருக்கினோம். அவர் ஒருநாளும் வருந்தவில்லை.

பழைய கார் வாங்க எண்ணும் சகோதர சகோதரிகளே! எஞ்சின் முற்றிலும் ஆறியிருக்கும் காலை வேளையில் சென்று, உங்கள் முன்னிலையிலேயே கிளப்பச் சொல்லுங்கள். ஆயில் குச்சியை உருவிக் கெட்டித்தன்மையைப் பாருங்கள். நீலப்புகை வந்தால், ஆயில் எரிகிறது என்று அறியுங்கள். ஆயில் மூடியின் அடியில் பால் போன்ற நுரை படிந்திருந்தால், தண்ணீர் கலந்திருக்கலாம். விற்கும் நாள் வரும்போது, நீங்கள் அறிந்த பழுதை வாங்குபவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள்.