வெள்ளீயப் பதக்கம்

நமது பள்ளியின் ஆண்டு விழா மலருக்குக் கட்டுரை ஒன்று எழுதித் தருமாறு ஆசிரியர்கள் கேட்டபோது, எதைப் பற்றி எழுதுவது எனச் சில நாள் தயங்கினேன். நான் புலவனும் அல்லன். வரலாற்றுப் பேராசிரியனும் அல்லன். வேலூரில் பிறந்து, பர்மிங்காம் நகருக்கு வந்து, உலோக அச்சுகள் செய்யும் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தவன். ஆயினும் இந்நாட்டிற்கு வந்த நாள்முதல் என்னை விட்டு நீங்காத பழக்கம் ஒன்று உண்டு. பிரித்தானிய வரலாற்று நினைவுப் பதக்கங்களைத் திரட்டுவதே அது. அதனைப் பற்றியும், அதன் வழியாக என் மகள் எனக்குக் கற்பித்த பாடம் ஒன்றைப் பற்றியும் ஈண்டு கூற விழைகிறேன்.

பதக்கம் என்றதும் விளையாட்டில் வென்றவரின் கழுத்தில் அணிவிக்கும் பொற்பதக்கமோ, போர்வீரரின் மார்பில் தொங்கும் வீரப்பதக்கமோ நம் நினைவுக்கு வரும். நினைவுப் பதக்கம் பெரும்பாலும் இவற்றினின்றும் வேறானது. பார்வைக்கு நாணயம் போலவே இருக்கும். ஆனால் அதைக் கொடுத்து ஒரு ரொட்டித் துண்டும் வாங்க இயலாது. முடிசூட்டு விழா, போர், பாலத்தின் திறப்பு, பெரியவர் ஒருவரின் மறைவு முதலான நிகழ்ச்சிகளை மக்கள் மறவாதிருத்தற்பொருட்டு அச்சடிக்கப்படுவது அது. ஒருபுறம் உருவம், மறுபுறம் நிகழ்ச்சி, விளிம்பைச் சுற்றி எழுத்து. உள்ளங்கையில் அடங்கும் சிறிய கல்வெட்டு என்றே அதனைக் கூறலாம்.

என் முதற்பதக்கம் 1988 ஆம் ஆண்டில் கிடைத்தது. எங்கள் தெருமுனைத் தேவாலய மண்டபத்தில் பழம்பொருள் விற்பனை நடைபெற்றது. குளிருக்குக் கோட்டு வாங்கச் சென்ற நான், பொத்தான்கள் நிறைந்த தகரப் பெட்டி ஒன்றில் சாம்பல் நிற வட்டத்தகடு ஒன்றைக் கண்டேன். ஏழாம் எட்வர்டு மன்னரும் அவர்தம் அரசியாரும் அதில் இருந்தனர். முடிசூட்டு நாள் 1902 ஜூன் 26 எனப் பொறிக்கப்பட்டிருந்தது. ஐம்பது பென்சு கொடுத்து வாங்கினேன். பின்னர் நகர நூலகத்தில் வரலாற்று நூல் ஒன்றைப் புரட்டியபோது திகைத்துப் போனேன். அந்த நாளில் முடிசூட்டு விழா நடைபெறவே இல்லை! மன்னருக்குக் குடல்வால் நோய் முற்றி, விழாவுக்கு இரண்டு நாள்களுக்கு முன்னர் அறுவை சிகிச்சை செய்ய நேர்ந்தது. விழா ஆகஸ்டு 9 ஆம் நாளுக்குத் தள்ளிப் போயிற்று. அதற்குள் பல ஊர்களிலும் பள்ளிப் பிள்ளைகளுக்கு வழங்குவதற்கெனப் பழைய நாள் பொறித்த பதக்கங்கள் அச்சாகி விட்டன. உலோகத்தில் பொறித்தது பொய்யாகாது என்றே அதுவரை எண்ணியிருந்தேன். அந்த ஐம்பது பென்சுத் தகடுதான் என் எண்ணத்தைத் திருத்தியது.

என் தொழிலும் இந்த ஆர்வத்திற்குத் துணை நின்றது. பதக்கம் செய்வோர் முதலில் எஃகுக் கட்டியில் உருவத்தைக் குழியாகவும் இடவலம் மாறியும் செதுக்குவர். அக்கட்டியைக் காய்ச்சிக் குளிர்வித்துக் கடினமாக்குவர். இதனையே நாங்கள் 'டை' என்கிறோம். இத்தகைய இரு அச்சுகளுக்கு இடையே வெற்றுத் தகட்டை வைத்து அழுத்தினால் இருபுறமும் உருவம் எழும். நாணயத்தைவிடப் பதக்கத்தில் உருவம் மேலெழுந்து நிற்க வேண்டுமாதலால் ஓர் அடி போதாது. அடித்து, உலையிலிட்டு இளக்கி, மீண்டும் அடிக்க வேண்டும். ஒரு முகத்தின் மூக்கு நுனி கூர்மையாக எழுந்திருப்பதைக் காணும்போது, அந்த எஃகைச் செதுக்கியவரின் கண்ணும் கையும் எத்துணைப் பாடுபட்டிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

தெரியாமற் செய்த பிழையும் ஒன்று உண்டு. இளையோர் இதனை நினைவிற் கொள்ளுதல் நன்று. விக்டோரியா அரசியாரின் அறுபதாம் ஆட்சியாண்டு விழாவாகிய 1897 ஆம் ஆண்டின் வெண்கலப் பதக்கம் ஒன்றை வாங்கினேன். ஒருபுறம் முக்காடிட்ட முதிய அரசி. மறுபுறம் பட்டமேற்ற காலத்து இளநங்கை. பதக்கம் கறுத்துப் பழுப்பேறி இருந்தது. எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் அம்மா குத்துவிளக்கைப் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்குவார். அவ்வாறே நானும் அப்பதக்கத்தைத் துலக்கினேன். புதிய செம்பு போல் பளபளத்தது. பெருமையுடன் நாணயக் கண்காட்சிக்கு எடுத்துச் சென்றேன். அங்கிருந்த முதிய வணிகர் அதைக் கண்டு தலையை ஆட்டினார். "நூறு ஆண்டுகள் சேர்த்து வைத்ததை நீங்கள் பத்து நிமிடத்தில் கழுவி விட்டீர்கள்" என்றார். அந்தப் பழுப்புப் படலமே உலோகத்தின் பாதுகாப்பும் அழகும் ஆகும். பதக்கத்தை விளிம்பில் மட்டும் பிடிக்க வேண்டும். விரல் ரேகையும் அதன் மேல் கறையாகப் பதியும். மெருகேற்றலாகாது, பி.வி.சி. உறைகளில் நெடுநாள் வைத்தலும் ஆகாது. விளக்கு வேறு, வரலாறு வேறு என்பதனை அன்று அறிந்தேன்.

நாளடைவில் பதக்கங்களைப் படிக்கக் கற்றேன். லாரன்ஸ் பிரவுன் என்பார் 1760 முதல் 1960 வரையிலான பதக்கங்களை மூன்று பெருந்தொகுதிகளில் பட்டியலிட்டுள்ளார். அவற்றை நூலகத்தில் அமர்ந்து படிப்பது என் சனிக்கிழமை வழக்கமாயிற்று. படிக்கப் படிக்க, யார் பணம் கொடுத்தாரோ அவருடைய நினைவையே பதக்கம் சுமக்கிறது என்பது விளங்கியது.

கடற்படைத் தலைவர் வெர்னன் 1739 ஆம் ஆண்டு நவம்பரில், இன்றைய பனாமா நாட்டிலுள்ள போர்ட்டோபெலோ துறைமுகத்தை ஆறே கப்பல்களைக் கொண்டு ஸ்பெயினிடமிருந்து கைப்பற்றினார். இங்கிலாந்தே ஆர்ப்பரித்தது. மலிவான பித்தளைப் பதக்கங்கள் நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளில் வெளிவந்தன. அடுத்து அவர் 1741 இல் கார்த்தஹேனா நகரைத் தாக்கியபோது, அதுவும் வீழும் என்று நம்பிய வணிகர்கள் முன்னதாகவே பதக்கம் அடித்து விற்றனர். ஸ்பானியத் தளபதி டோன் பிளாஸ் வெர்னனின் முன் மண்டியிட்டு வாளை நீட்டுவதாக அதில் காணலாம். நடந்தது யாது? தாக்குதல் படுதோல்வியில் முடிந்தது. மண்டியிட்டவர் எவருமிலர். தோற்ற போரின் வெற்றிப் பதக்கம் ஒன்று என் இழுப்பறையில் இன்றும் உள்ளது.

வாட்டர்லூப் போரின் பெரும்பதக்கமோ வேறு வகை. பவுன் காசில் குதிரை மேலமர்ந்து பறவைநாகத்தை (டிராகனை) வதைக்கும் புனித ஜார்ஜைச் செதுக்கிய இத்தாலியக் கலைஞர் பிஸ்ட்ரூச்சியிடம் 1819 இல் அப்பணி ஒப்படைக்கப்பட்டது. நேச நாட்டு மன்னர்களுக்கும் தளபதிகளுக்கும் வழங்குவதற்கான பதக்கம் அது. அவர் 1849 இல் முடித்துக் கொடுத்தபோது, அதைப் பெற வேண்டியவர்களுள் வெலிங்டன் ஒருவரே உயிருடன் இருந்தார்! வீட்டுப்பாடத்தை நாளை நாளை என்று தள்ளிப்போடும் மாணவச் செல்வங்கள் இதனைக் கவனிப்பார்களாக.

மன்னர்கள் மட்டுமே பதக்கம் வெளியிட்டனர் என்றும் எண்ண வேண்டா. 1819 ஆகஸ்டு 16 அன்று மான்செஸ்டரில் வாக்குரிமை வேண்டித் திரண்ட எளிய மக்கள் மீது குதிரைப் படை பாய்ந்தது. பீட்டர்லூப் படுகொலை எனப்படும் அக்கொடுமையைக் காட்டும் பதக்கமும் உண்டு. அரசு வெளியிட்டதன்று அது. மக்கள் பக்கம் நின்றோர் வெளியிட்டது. ஆகவே ஒவ்வொரு பதக்கத்தையும் எடுத்தவுடன், யார் இதைச் செய்வித்தார் என்று கேட்பது என் வழக்கமாயிற்று. ஆனால் அதனினும் முக்கியமான வினா ஒன்றுண்டு என்பதை நான் அறிந்திருக்கவில்லை.

நாம் வாழும் இந்நகரமே பதக்கத் தொழிலின் தலைநகராக விளங்கியது. சோகோ சாலை வழியே கடைகளுக்குச் செல்லும் நம்மவர் பலரும் அருகிலுள்ள சோகோ இல்லத்தைக் கண்டிருக்கலாம். மேத்யூ போல்ட்டன் என்னும் தொழிலதிபர் வாழ்ந்த அம்மாளிகை 1995 முதல் அருங்காட்சியகமாக உள்ளது. ஜேம்ஸ் வாட்டின் கூட்டாளியாகிய அவர் 1788 இல் நீராவியால் இயங்கும் நாணயச்சாலையை இங்கு நிறுவினார். 1805 ஆம் ஆண்டு டிரபால்கர் கடற்போருக்குப் பின், அதில் போரிட்டோருக்குத் தம் சொந்தச் செலவில் பதக்கம் வழங்கினார். சாதாரண மாலுமிகளுக்குக் கிடைத்தது வெள்ளீயக் கலவையே. அதன் விளிம்பில் போல்ட்டனின் பெயர் உண்டு. பெற்றவரின் பெயர் இல்லை. மாலுமிகள் சிலர் தம் பெயரைத் தாமே பொறித்துக் கொண்டனராம்.

அதே சோகோவில்தான் நான் தேடியலைந்த பதக்கமும் உருவானது. 1799 ஆம் ஆண்டு மே 4 ஆம் நாள் சீரங்கப்பட்டினம் வீழ்ந்து திப்பு சுல்தான் மடிந்ததன் நினைவாகக் கிழக்கிந்தியக் கம்பெனி செய்வித்தது அது. குக்லர் என்னும் கலைஞர் செதுக்கினார். ஒருபுறம் சிங்கம் புலியை வீழ்த்துகிறது. சிங்கம் பிரித்தானியா, புலி திப்பு. மறுபுறம் கோட்டை தாக்கப்படும் காட்சியும் பாரசீக எழுத்துகளும் உள்ளன. படிநிலைக்கேற்ப உலோகமும் மாறியது. தளபதிகளுக்குப் பொன், அடுத்தடுத்தோருக்கு முலாமிட்ட வெள்ளி, வெள்ளி, வெண்கலம், சிப்பாய்களுக்கு வெள்ளீயம். அப்போருக்கான சென்னைப் படை 1799 பிப்ரவரியில் புறப்பட்டது எங்கள் வேலூரிலிருந்துதான். எனவே தமிழ்ச் சிப்பாய்கள் பலர் அதில் இருந்தனர்.

2004 ஆம் ஆண்டு நடந்த நாணயக் கண்காட்சி ஒன்றில் அந்த வெள்ளீயப் பதக்கத்தை முதன்முதலாகக் கையில் எடுத்துப் பார்த்தேன். விளிம்பெல்லாம் நசுங்கியிருந்தது. விலையோ எங்கள் ஒரு மாத வீட்டு வாடகையைவிட மிகுதி. உடன் வந்திருந்த என் மகளுக்கு அப்போது வயது பதினொன்று. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்பா, இது யாருக்குக் கொடுத்தது? பேர் எங்கே?" என்றாள். பெயர் பொறிக்கவில்லை என்றேன். "நம்ம ஊர்க்காரரா?" என்றாள். இருக்கலாம் என்றேன். "அப்படியென்றால் நாம் சிங்கத்தின் பக்கமா, புலியின் பக்கமா?"

எனக்கு விடை தெரியவில்லை. புலியின் பிள்ளைகளைச் சிறை வைத்ததும் எங்கள் ஊர்க் கோட்டையில்தான். சிறுவனாக நான் ஓடி விளையாடிய அகழிக் கரையின் அப்பால் திப்பு மகால் நிற்கிறது. அக்குடும்பத்தாரின் கல்லறைகளும் எங்கள் ஊரிலேயே உள்ளன. 1806 ஜூலை 10 அன்று அதே கோட்டையில் கம்பெனிச் சிப்பாய்களே கம்பெனிக்கு எதிராக எழுந்து மாண்டனர். இரண்டு பக்கமும் நம் மக்களே இருந்தனர். பதக்கத்தை வாங்காமலே வீடு திரும்பினேன்.

அன்றிரவு வேலூரிலிருந்த என் தந்தையாருக்குத் தொலைபேசியில் இதனைக் கூறினேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, "அந்தச் சிப்பாய் பேரை விடு. நம்ம வீட்டுப் பெரியவர்கள் பேர் உனக்கு எத்தனை தெரியும்?" என்று கேட்டார். என் பாட்டனாரின் பெயருக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. "போனைக் குழந்தையிடம் கொடு" என்றார்.

என் மகள் இப்பள்ளியின் குறிப்பேட்டையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அமர்ந்தாள். "சொல்லுங்கள் தாத்தா" என்றாள். அவர் நிறுத்தி நிறுத்திச் சொல்லச் சொல்ல, அவள் தமிழில் எழுதினாள். றகர ரகரம் மாறின, புள்ளிகள் விடுபட்டன. நான்கு தலைமுறை வரை ஆண்களின் பெயர்கள் வந்தன. பெண்களின் பெயர்கள் மூன்றாம் தலைமுறையோடு நின்றன. "அவங்களை எல்லாரும் ஆயா என்றுதான் கூப்பிட்டோம், கண்ணு. பேர் இருந்திருக்கும். நான் கேட்டு வைக்கவில்லை" என்று அவர் சொன்னது, அருகில் நின்ற எனக்கும் கேட்டது. அவள் அந்த இடத்தில் 'ஆயா' என்றே எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி இட்டாள்.

2006 ஆம் ஆண்டு வேலூர்ப் புரட்சியின் இருநூறாம் ஆண்டை முன்னிட்டு இந்திய அஞ்சல் துறை நினைவு அஞ்சல் தலை வெளியிட்டது. என் தந்தையார் அதனைக் கடித உறையில் ஒட்டி என் மகளுக்கு அனுப்பினார். அதுவே அவர் அனுப்பிய இறுதிக் கடிதம். மறு ஆண்டு அவர் காலமானார். அவர் நினைவில் இருந்த பெயர்களுள் அன்றிரவு எழுதியவை மட்டுமே எங்களிடம் எஞ்சின.

இன்று என் பேழையில் இருநூறுக்கு மேற்பட்ட பதக்கங்கள் உள்ளன. சீரங்கப்பட்டினப் பதக்கம் மட்டும் இல்லை. அதற்கென ஒதுக்கியிருந்த தட்டில் அந்தக் குறிப்பேட்டுத் தாளும் அஞ்சல் உறையும் உள்ளன. என் மகள் இப்போது வேறு நகரில் பணியாற்றுகிறாள். வீட்டிற்கு வரும்போதெல்லாம் அந்தத் தட்டைத்தான் முதலில் திறப்பாள்.

அன்று ஒரு சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு அவளுக்குக் கற்றுத் தந்திராவிடில், தொலைபேசியில் ஒலித்த அப்பெயர்களை அவளால் எழுதியிருக்க இயலாது. வாரந்தோறும் ஊதியம் கருதாது உழைக்கும் நம் ஆசிரியப் பெருமக்களுக்கு இதைவிடச் சிறந்த நன்றியுரை எனக்குத் தெரியவில்லை. மாணவச் செல்வங்களே, பதக்கமோ நாணயமோ அஞ்சல் தலையோ, விரும்பியதைத் திரட்டுங்கள். அதில் யார் பெயர் உள்ளது என்று பாருங்கள். யார் பெயர் இல்லை என்றும் கேளுங்கள். இன்றிரவே உங்கள் தாத்தாவிடமோ பாட்டியிடமோ ஒரு பென்சிலுடன் சென்று அமருங்கள். பிழையாக எழுதினாலும் தாழ்வில்லை. பின்னர் திருத்திக் கொள்ளலாம்.