காது மடலில் தொடங்குவது

தன் நிறத்தைப் பற்றிய கூச்சத்தோடு எந்தக் குழந்தையும் பிறப்பதில்லை. ஆனால் அதற்கான ஏற்பாடு பிறப்பதற்கு முன்பே நம் வீடுகளில் தொடங்கிவிடுகிறது. பிள்ளை சிவப்பாகப் பிறக்க வேண்டுமென்று கர்ப்பிணிக்குக் குங்குமப்பூ போட்ட பால் கொடுக்கிறோம். தோலின் நிறம் பெற்றோரின் மரபணுக்களிலிருந்து வருவது. குங்குமப்பூவுக்கு அதில் எந்த வேலையும் இல்லை.

பிறந்ததும் பார்க்க வருகிறவர்கள் காது மடலைத் திருப்பிப் பார்ப்பார்கள், வளர்ந்தால் என்ன நிறம் வருமென்று தெரிந்துகொள்ள. பிறகு கடலை மாவு, கஸ்தூரி மஞ்சள். பள்ளி ஆண்டு விழா நடனத்தில் பின்வரிசை. "கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா" என்று அன்பாகவே ஒரு பாராட்டு. எனக்கும் இதெல்லாம் நடந்தது. சொன்னவர்கள் எல்லோரும் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள். அதனால்தான் அது அவ்வளவு ஆழமாகப் போனது. அந்நியர் சொன்னால் கோபம் வரும், அத்தை சொன்னால் நம்பிவிடுகிறோம்.

வீட்டுக்கு வெளியேயும் இதே பேச்சுதான். ஃபேர் அண்ட் லவ்லி என்ற சிவப்பழகு க்ரீம் 1975இல் சந்தைக்கு வந்தது. சிவந்தால் வேலை கிடைக்கும், வரன் அமையும் என்று விளம்பரங்கள் பல ஆண்டுகள் சொல்லின. 2020இல் பெயரிலிருந்த 'ஃபேர்' போய் 'க்ளோ' வந்தது. மணமகள் தேவை விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' இன்னும் போகவில்லை.

அத்தைகள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களையும் இப்படித்தான் வளர்த்திருப்பார்கள். ஆனால் என் தங்கை மகளிடம் யாராவது இதை ஆரம்பித்தால் சும்மா இருக்க மாட்டேன். போன பொங்கலுக்கு இருக்கவும் இல்லை.