நின்று கெட்ட டயர்

கொழும்பிலிருந்து நுவரெலியாவுக்கு ஏற இரண்டு பெரிய வழிகள் உண்டு. பேராதனையில் பிரிந்து கம்பளை, புஸ்ஸல்லாவை, றம்பொடை, லபுக்கலை என்று வளைந்து வளைந்து போவது ஏ5. அவிசாவளையில் தொடங்கி கித்துல்கல, கினிகத்தேனை, ஹட்டன், தலவாக்கலை, நானுஓயா வழியாக வருவது ஏ7. எந்த வழியால் வந்தாலும் கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் ஏறியாக வேண்டும். ஊர் திரும்பும்போது அவ்வளவும் இறங்கியாக வேண்டும். ஏற்றத்துக்கு எஞ்சின் பொறுப்பு. இறக்கத்துக்கு பிரேக்கும் டயரும் பொறுப்பு. எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நம் ஆட்கள் டயரைப் பற்றி ஒரு வரிதான் பேசுவார்கள்: "இன்னும் தேயலையே!"

அந்த ஒரு வரியோடு நாள் முழுக்க மல்லுக்கட்டுகிறவர்களைப் பார்க்கத்தான் நுவரெலியா நகருக்கு வெளியே, நானுஓயா வீதியோரம் இருக்கும் ஒரு டயர் கடைக்குப் போனேன். ஏப்ரல் சீசன். மலர்க் கண்காட்சி, குதிரைப் பந்தயம், 1934இல் தொடங்கிய மஹகஸ்தோட்ட மலையேற்றக் கார்ப் பந்தயம் என்று நகரம் நிரம்பி வழியும் மாதம். கிரகரி வாவியைச் சுற்றி வேன்களை நிறுத்த இடமில்லை. டயர் கடைக்கும் அதுதான் சீசன்.

தகரக் கூரை, எண்ணெய் ஊறிய சிமெந்துத் தரை, ஓய்வில்லாமல் உறுமும் கொம்பிரசர், டயர் கழற்றும் மெசின், பெலன்ஸ் பார்க்கும் மெசின், ஓட்டை கண்டுபிடிக்கத் தண்ணீர்த் தொட்டி. சுவரில் சிறியதும் பெரியதுமாக லீவர்கள். கடைக்காரரை எல்லோரும் 'பாஸ்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். தலவாக்கலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் லயத்தில் பிறந்தவர். அவரோடு பெரியவன், சின்னவன் என்று இரண்டு இளைஞர்கள் வேலை செய்கிறார்கள்.

நான் போன கொஞ்ச நேரத்தில் கொழும்பு வேனொன்று வந்து நின்றது. உயரக் கூரை வைத்த ஹயஸ். இங்கே எல்லோருக்கும் அது 'கேடிஎச்'. உள்ளே குடும்பத்தார் பத்துப் பேர், கூரையில் சாமான். பின் டயர் மெல்ல மெல்லக் காற்று இறங்குகிறதாம். பெரியவன் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றினான். ஆணியொன்று தெரிந்தது. சின்ன வேலைதான். ஆனால் பாஸ் ஆணியைப் பார்க்கவில்லை. ஈரத் துணியால் டயரின் பக்கச் சுவரைத் துடைத்து, நீள்வட்டக் கட்டத்துக்குள் இருந்த நான்கு இலக்கங்களைக் காட்டினார். 1416.

"சேர், இது 2016ஆம் வருஷத்து டயர். பதினாலாவது வாரம் செஞ்சது."

"பள்ளம் இவ்வளவு ஆழமா இருக்கே பாஸ்?"

பாஸ் பதில் சொல்லவில்லை. டயரைத் தரையில் போட்டு ஒரு முழங்காலால் அழுத்தி, இரண்டு கையாலும் பக்கச் சுவரை வளைத்துப் பிடித்தார். நிமிர்ந்து இருந்தபோது பளபளவென்று தெரிந்த இறப்பரில் மயிரிழை மயிரிழையாக வெடிப்புகள் திறந்தன. பள்ளங்களின் அடியிலும் அதே வெடிப்பு. கையை எடுத்ததும் எல்லாம் மூடிக்கொண்டு டயர் மறுபடி புதுசாகத் தெரிந்தது.

"ஒட்டுப் போட்டா ஒட்டு நிக்கும் சேர். டயர் நிக்குமான்னு நான் சொல்ல மாட்டேன்."

ஓடித் தேய்ந்த டயரைப் பார்த்து அவர் பயப்படுவதில்லை. அது தன் நிலையைத் தானே காட்டிவிடும். பள்ளத்தின் நடுவே குறுக்காக இருக்கும் சிறு மேடுகளின் மட்டத்துக்கு வந்துவிட்டால், மிச்சம் 1.6 மில்லிமீற்றர்தான், மாற்ற வேண்டும் என்று அர்த்தம். அவர் பயப்படுவது நின்று கெட்ட டயருக்கு. இறப்பரோடு ஒருவகை மெழுகும் வெடிப்பைத் தடுக்கும் இரசாயனங்களும் கலந்துதான் டயர் செய்கிறார்கள். வண்டி ஓடும்போது டயர் நசுங்கி விரிகிறது. அந்த அசைவில் மெழுகு மேற்பரப்புக்கு வந்து, காற்றிலுள்ள ஓசோன் இறப்பரைத் தின்னாமல் காக்கிறது. மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் வண்டிக்கு இந்தக் காவல் குறைந்துபோகிறது. வெயிலும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். வெளிநாடுகளில் வீட்டையே வண்டியாக்கி ஊர் சுற்றுகிறவர்களின் பெரிய தலைவலியும் இதுதான்: வருடத்தில் சில வாரம் ஓடி, மிச்ச நாளெல்லாம் நிற்கும் வண்டியின் டயர், தேயும் முன்பே கிழடாகிவிடும்.

நம் நாட்டில் ஒரு தொழிலே அப்படி நின்றது. 2018இல் 23 இலட்சத்துக்கு மேல் வந்த உல்லாசப் பயணிகள், 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புக்கும் கொரோனாவுக்கும் பிறகு 2021இல் இரண்டு இலட்சத்தைக்கூட எட்டவில்லை. அடுத்த வருடம் டீசலுக்கு வரிசை. சுற்றுலா வேன்கள் வீட்டு முற்றத்தில் படங்கு மூடிக் கிடந்தன. 2023இல் 14 இலட்சத்துக்கு மேலும், 2024இல் 20 இலட்சத்துக்கு மேலும் பயணிகள் திரும்பி வந்தபோது அதே வேன்கள் அதே டயரோடு மலை ஏறின. "அந்த ரெண்டு வருஷமும் வந்த டயரெல்லாம் பாக்க அழகு. தொட்டா மரக்கட்டை" என்றார் பாஸ். 2020இல் டயர் இறக்குமதிக்கும் கட்டுப்பாடு வந்திருந்ததால், மாற்ற நினைத்தவர்களுக்கும் விலை கட்டவில்லை.

எத்தனை வருடம் வைக்கலாம்? வாகனக் கம்பனிகளில் சில ஆறு வருடம் என்கின்றன. டயர்க் கம்பனிகளில் சில, ஐந்து வருடத்துக்குப் பின் ஆண்டுதோறும் கழற்றிப் பார்க்கவும், பத்து வருடமானால் தேயாவிட்டாலும் வீசவும் சொல்கின்றன. பாஸின் கணக்கு அவ்வளவு நீளமில்லை. மலையில் ஓடும் வேனுக்கு ஆறு தாண்டினால் அவர் கை வைக்கத் தயங்குவார். கொழும்பு வேனின் ஸ்பெயார் வீலையும் இறக்கிப் பார்க்கச் சொன்னார். வேனின் வயிற்றுக்கடியில் சேறு பூசித் தொங்கிய அது 2011ஆம் வருடத்தது. ஆபத்துக்கு உதவ வைத்திருந்ததுதான் எல்லாவற்றிலும் மூத்தது.

அடுத்து வந்தவர் சுற்றுலாச் சாரதி. காற்று மட்டும் பார்க்க வந்தவர். பாஸ் எழுந்து முன் டயரின் மேல் உள்ளங்கையை வைத்து வெளியிலிருந்து உள்ளே தடவினார். பிறகு உள்ளிருந்து வெளியே. என்னையும் தடவச் சொன்னார். ஒரு பக்கம் தடவினால் வழுக்கியது, மறுபக்கம் தடவினால் வாள் பல் போல் கையைப் பிடித்தது. "கண்ணுக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும். எலைன்மென்ட் போயிருச்சு" என்றார். இரண்டு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஆங்காங்கே குழி குழியாக இருந்தால் ஷொக் எப்சோபர் தளர்ந்துவிட்டது. முன் டயர்களின் வெளி ஓரம் மட்டும் உருண்டிருந்தால் அது சாரதியின் கணக்கு: வளைவுக்கு முன் வேகத்தைக் குறைக்காமல், வளைவுக்குள் போய் ஸ்டியரிங்கோடு சண்டை போடுகிறவர். தேய்ந்த டயரைக் கையில் எடுத்தால் ஓட்டுகிறவரின் குணம் தெரிந்துவிடும் என்று பாஸ் சிரித்தார். சாரதி சிரிக்கவில்லை.

டயர் வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்தது பிராண்ட். கேட்க வேண்டியது சுமை. கேடிஎச் டயரில் 195ஆர்15சி என்றிருக்கும். கடைசி 'சி', பாரம் சுமக்கும் வேனுக்கென்று செய்தது என்பதற்கான அடையாளம். பக்கத்தில் 106/104 என்றிருந்தால், ஒற்றையாகப் போடும்போது அந்த டயர் தாங்குவது 950 கிலோ. இரட்டையாகப் போட்டால் ஒவ்வொன்றும் 900 கிலோ. அழகுக்காக அகலமான அலோய் வீலும் கார் டயரும் மாட்டிக்கொண்டு, பத்துப் பேரையும் சாமானையும் ஏற்றி வரும் வேன்களை அவர் வெறுக்கிறார். ஜப்பானிலிருந்து ரீகண்டிஷனாக வந்த வண்டிகளில் சிலவேளை பனிக்காலத்துக்கான டயரும் வந்துவிடும். மேற்பரப்பில் கத்தியால் கீறியதுபோல் நெளிநெளியான கோடுகள். பனிக்கட்டியில் பிடிக்கச் செய்த மென்மையான இறப்பர் அது. கொழும்புத் தார் வெயிலில் சீக்கிரம் கரைந்துவிடும்.

காற்றைப் பற்றித்தான் கடையில் அதிக வாக்குவாதம். மலை ஏறினால் காற்றுக் கூடும் என்கிறார் ஒருவர். குளிரில் குறையும் என்கிறார் இன்னொருவர். இருவர் சொல்வதும் சரி, அதனால்தான் வித்தியாசம் தெரிவதில்லை. கொழும்பில் 30 பாகையில் 45 பி.எஸ்.ஐ. அடித்த டயர், நுவரெலியாவின் 12 பாகைக் குளிரில் மூன்றரையளவு இழக்கும். ஆனால் இந்த உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவு என்பதால் மானியில் மூன்றளவு கூடத் தெரியும். கூட்டிக் கழித்தால் கிட்டத்தட்ட அதே 45. குழப்பம் வருவது வேறிடத்தில். மலை ஏறி வந்த சூட்டோடு மானியை வைத்துப் பார்த்து, "கூடிப்போச்சு" என்று காற்றை இறக்கிவிடுகிறார்கள். மறுநாள் காலை குளிர்ந்த டயரில் காற்றுப் போதாது. அதே டயரோடு இறக்கம் இறங்குகிறார்கள். ஹோட்டன் சமவெளிக்கு விடிகாலையில் ஆட்களை ஏற்றிப்போகும் ஜீப் சாரதிகள், வண்டி எடுக்கும் முன்பே, டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்த்துவிடுகிறார்கள். எவ்வளவு வேண்டும் என்பது கதவுத் தூணில் ஒட்டிய ஸ்டிக்கரில் இருக்கிறது. எழுத்து ஜப்பான் மொழியானாலும் எண்ணைப் படிக்கலாம்: 100 கிலோபாஸ்கல் என்றால் பதினான்கரை பி.எஸ்.ஐ.

சிவனொளிபாதமலை சீசனில் நல்லதண்ணிக்குப் போகும் கோஸ்டர், ரோசா பஸ்களுக்குப் பின்னால் இரட்டை டயர். உள் டயரில் காற்றுப் போனால் வெளியே தெரியாது. பாரம் முழுவதும் வெளி டயருக்கு வந்து, இரண்டும் உரசிச் சூடேறும். அதனால்தான் பழைய சாரதிகள் தேநீருக்கு நிறுத்தும் இடத்திலெல்லாம் இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டுகிறார்கள். காற்று நிறைந்த டயர் கணீரென்று கம்பியைத் திருப்பி எறியும். காற்றுப் போனது சொத்தென்று வாங்கிக்கொள்ளும். சின்னவன் எனக்குத் தட்டிக் காட்டினான்.

இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் எழும் சூடு டிரம்மிலிருந்து ரிம்முக்கும், ரிம்மிலிருந்து டயரின் கரைக்கும் ஏறும். பிரேக் வாடையும் இறப்பர் வாடையும் சேர்ந்து வரும் வண்டிகளைக் கடையில் தூரத்திலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 2023 ஜனவரியில் ரதெல்ல குறுக்கு வீதியில் நடந்த பஸ் விபத்தில் ஏழு பேர் இறந்தது இங்கிருந்து கொஞ்ச தூரத்தில்தான். அதைச் சொல்லித்தான் பாஸ் ஒவ்வொரு புதுச் சாரதிக்கும் புத்தி சொல்கிறார்: எந்த கியரில் ஏறினீர்களோ அந்த கியரிலேயே இறங்குங்கள், ஓட்டோமெட்டிக் என்றால் 'டி'யில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்.

மத்தியானம் கொழுந்து லொறியொன்று வந்தது. அதன் ரிம்மில் இரும்பு வளையம் ஒன்று டயரைப் பிடித்து நிற்கும். சரியாக உட்காராமல் காற்று அடித்தால் அந்த வளையம் பிய்த்துக்கொண்டு பறக்கும். பெரியவன் சக்கரத்துக்குக் குறுக்கே சங்கிலி சுற்றி, வளையம் சுவரைப் பார்க்கும்படி சாய்த்து, தான் ஒதுங்கி நின்று காற்றடித்தான். "பாஸ் இதுக்கு மட்டும்தான் ஏசுவாரு" என்றான். அவன் அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். 2024இல் நிர்ணயித்த நாட்சம்பளம் 1,350 ரூபாயாக இருந்தது. அதற்கும் குறித்த நிறைக்குக் கொழுந்து எடுக்க வேண்டும். சீசனில் அவனுக்கு அதைவிடக் கூடக் கிடைக்கிறது. மழைக்காலத்தில் குறைந்துவிடும்.

இந்த இறப்பருக்கும் நம் மலையக ஆட்களுக்கும் உறவு பழையது. 1876இல் இலண்டன் கியூ தோட்டத்திலிருந்து வந்த இறப்பர்க் கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. பிறகு களுத்துறை, கேகாலை, இரத்தினபுரித் தோட்டங்களில் பால் வெட்டியவர்களில் பலர் நம்மவர்கள். 1960களில் சோவியத் உதவியோடு களனியில் டயர்த் தொழிற்சாலை வந்தது. அந்தத் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள் இங்கே டயர் கழற்றுகிறார்கள்.

கொழும்பு வேன்காரர் கடைசியில் இரண்டு புது டயர் வாங்கினார். மற்ற மூன்றையும் ஊருக்குப் போய் மாற்றுவதாகச் சொன்னார். பாஸ் தலையாட்டினார். எல்லோரும் இப்படி வாங்குவதில்லை. பலர், ஒட்டுக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டுப் போகிறார்கள். ஒட்டுக்குக் கூலி உண்டு, காற்றுக்குக் கூலி உண்டு. டயரைப் படித்துச் சொன்னதற்குக் கூலி இல்லை. ஆனால் அந்தக் கடையில் நான் கண்ட வேலைகளில் ஆள் உயிரைக் காப்பது அந்தப் படிப்புத்தான்.

வருடா வருடம் வாகன வரிப் பத்திரம் எடுக்க முன் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், காசு கட்டுகிறோம், சான்றிதழ் வாங்குகிறோம். அங்கே அளப்பது புகையை. அதே வரிசையில் ஒருவர் குனிந்து, ஸ்பெயார் உட்பட ஐந்து டயரிலும் உள்ள நான்கு இலக்கங்களைச் சான்றிதழில் எழுதிக் கொடுக்க எவ்வளவு நேரமாகும்? சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை. அடுத்த முறை நுவரெலியாவுக்குப் பயணம் கட்டும் முன் வீட்டு முற்றத்திலேயே ஒரு ஈரத் துணியோடு குனிந்து பாருங்கள். எண் பழசாக இருந்தால் பள்ளம் எவ்வளவு ஆழமாக இருந்தாலும் நம்பாதீர்கள்.