நாலு வயசுப் பையனுக்கு என்ன வாங்கலாம்?

"பையனுக்குப் பிறந்த நாள் வருதே, என்ன வாங்கப் போறே?" என்று யாராவது கேட்டால் போதும், போன வருஷம் வரைக்கும் எனக்கு ஒரே உற்சாகமாக இருக்கும். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்டதும் முதலில் வயிற்றைக் கலக்குகிறது. அப்புறம்தான் யோசனையே வருகிறது. ஏன் என்று கேட்கிறீர்களா? எங்கள் வீட்டில் நடந்ததை அப்படியே சொல்லி விடுகிறேன். குழந்தை வைத்திருக்கும் சகோதரிகளுக்கு உபயோகப்பட்டால் சரி.

என் சின்னவனுக்கு மூன்று வயசு பூர்த்தியான தினம். மதுரையில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் பந்தல் போட்டு, ஐம்பது பேரைக் கூப்பிட்டு, கேக், பலூன், பிரியாணி என்று தடபுடல் செய்தோம். பரிசுகள் வந்து குவிந்தன. ராத்திரி எண்ணிப் பார்த்தால் பத்தொன்பது! அதில் கார் மட்டும் ஏழு. துப்பாக்கி மூன்று. ஒரே மாதிரி டிபன் பாக்ஸ் இரண்டு. மூன்று வயசுப் பையன் என்றால் காரும் துப்பாக்கியும்தான் என்று ஊர் உலகம் எழுதி வைத்திருக்கிறது போலும்.

மற்றவர்களைச் சொல்வானேன்? நான் வாங்கியது என்ன தெரியுமா? ரிமோட்டில் ஓடும், விளக்கு எரியும், சைரன் அலறும் பெரிய போலீஸ் கார். 1,200 ரூபாய். கடையில் அதை ஓட்டிக் காட்டியபோது வாயைப் பிளந்து பார்த்தவள் நான்தான். 'நாலு பேர் முன்னால் பிரித்தால் எடுப்பாக இருக்கும்' என்ற எண்ணம்தான் என் மனசில் இருந்தது. பெட்டியைத் திருப்பி அதில் என்ன அச்சடித்திருக்கிறது என்றுகூடப் பார்க்கவில்லை.

பிரித்த அன்று எல்லோரும் கை தட்டினார்கள். சைரன் சத்தத்தில் பிறந்த நாள் பிள்ளை வீறிட்டு அழுது என் தோளில் ஏறிக் கொண்டான். மறுநாள் காலையில் பார்த்தால், அந்தக் கார் வந்த அட்டைப் பெட்டிக்குள் உட்கார்ந்து, "மாட்டுத்தாவணி, மாட்டுத்தாவணி!" என்று கத்திக் கொண்டிருந்தான். கார் ஓரமாகக் கவிழ்ந்து கிடந்தது. "1,200 ரூபாய் கொடுத்து அட்டைப் பெட்டி வாங்கியிருக்கே" என்று என் கணவர் சிரித்தார்.

நாலாவது நாள் அந்தச் சிரிப்பெல்லாம் போய்விட்டது.

சாயங்காலம் ஆறு மணி இருக்கும். விளக்கேற்றிவிட்டுத் திரும்பினேன். தரையில் ரிமோட் கிடந்தது. பின்பக்க மூடி தனியே, ரிமோட் தனியே. உள்ளே இருக்க வேண்டிய வட்ட பாட்டரியைக் காணோம். பெரிய பொத்தான் மாதிரி, காசு மாதிரி பளபளவென்று இருக்குமே, அதுதான். மூடிக்கு ஒரு திருகாணிகூட இல்லை. நகத்தால் நெம்பினாலே திறந்து கொள்ளும் என்பது அப்போதுதான் என் கண்ணில் பட்டது.

"பாட்டரி எங்கேடா? முழுங்கினியா?" என்றேன். 'ஆமாம்' என்று தலையாட்டினான். "தூக்கிப் போட்டியா?" அதற்கும் தலையாட்டினான். மூன்று வயசுக் குழந்தையை என்ன கேட்டாலும் அப்படித்தானே? சோபாவைப் புரட்டினோம், கட்டிலை நகர்த்தினோம். அத்தை, அதாவது என் மாமியார், குப்பைத் தொட்டியையே தரையில் கொட்டிக் கிளறினார்கள். காணவில்லை. "தேடினது போதும், பிள்ளையத் தூக்குங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்கள். ஆட்டோவில் அவனை மடியில் வைத்துக் கொண்டு போன அந்த இருபது நிமிஷத்தை நான் எழுத விரும்பவில்லை. அவன் பாட்டுக்குப் பஸ்களை எண்ணிக் கொண்டு வந்தான்.

எக்ஸ்ரே எடுத்தார்கள். கழுத்து, மார்பு, வயிறு எல்லாம் பார்த்துவிட்டு, "ஒன்றும் இல்லை அம்மா" என்று டாக்டர் சொன்னபோது, நான் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்து அழுதுவிட்டேன். "வீணாகத் தொந்தரவு கொடுத்துவிட்டோமோ?" என்று இவர் கேட்டார். அதற்கு அந்த டாக்டர் அம்மாள், "முழுங்கியிருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே நீங்கள் வந்துதான் ஆக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று இருந்துவிடக் கூடாது" என்று சொல்லி, பொறுமையாக எல்லாம் விளக்கினார்கள்.

நான் கேட்டுக் கொண்டதைச் சொல்கிறேன். மனசில் வாங்கிக் கொள்ளுங்கள்.

காசு முழுங்கினால் பெரும்பாலும் தானாகவே வெளியே வந்துவிடும். பொத்தான் பாட்டரி அப்படி அல்ல. அது உணவுக் குழாயில் சிக்கினால், ஈரமான சதையில் மின்சாரம் பாய்ந்து, காரம் உண்டாகி, சதையைப் பொசுக்க ஆரம்பித்துவிடும். இரண்டே மணி நேரத்தில் பலத்த காயம் ஆகிவிடலாம். விளக்கு எரியாமல் தீர்ந்து போன பாட்டரியிலும் இந்த ஆபத்து உண்டு. குழந்தை வாந்தி எடுக்க வேண்டும் என்று தொண்டையில் விரலை விடக் கூடாது. ஒரு வயசு தாண்டிய குழந்தை, முழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், விழுங்க முடிகிற நிலையில் இருந்தால், போகிற வழியிலேயே பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம். ஆறு தடவைக்கு மேல் வேண்டாம். தேன் காயத்தைக் கொஞ்சம் மட்டுப்படுத்துமே தவிர, வைத்தியம் ஆகாது. தேன் பாட்டிலைத் தேடிக் கொண்டு வீட்டில் நிற்காமல், உடனே 108க்குப் போன் செய்து ஆஸ்பத்திரிக்குப் போவதுதான் முக்கியம். வேறு எதுவும் சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்கக் கூடாது. மூக்கிலோ காதிலோ பாட்டரியைத் திணித்துக் கொண்டாலும் இதே அவசரம்தான்.

சரி, எங்கள் பாட்டரி எங்கே போயிற்று? மறுநாள் காலையில் பயல் தன் மண் உண்டியலைக் காதருகே வைத்து ஆட்டிக் கொண்டிருந்தான். "காசும்மா, நிறையக் காசு!" உடைத்துப் பார்த்தோம். ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நாணயங்களுக்கு நடுவில் பாட்டரி பத்திரமாக இருந்தது! காசு கிடைத்தால் உண்டியலில் போட வேண்டும் என்று நான்தானே சொல்லிக் கொடுத்திருந்தேன்? பிள்ளை நல்ல பிள்ளையாகத்தான் நடந்து கொண்டிருக்கிறான். பரிசு வாங்கத் தெரியாமல் வாங்கியவள் நான்தான்.

அன்றைக்கு ஒரு முடிவு செய்தேன். அடுத்த பிறந்த நாளுக்குக் கடையைப் பார்ப்பதற்கு முன்னால் பிள்ளையைப் பார்ப்பது என்று.

நாலாவது பிறந்த நாள் நெருங்கிக் கொண்டிருந்தது. பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், பயல் தானாக என்ன விளையாடுகிறான் என்று தினமும் இரண்டு வரி குறித்து வந்தேன். 'டப்பாக்களை எடுத்து, எந்த மூடி எதற்கு என்று பொருத்தினான்.' 'தலையணைகளை வரிசையாக வைத்துக் கண்டக்டர் விளையாட்டு.' 'அத்தையோடு உட்கார்ந்து பூண்டு உரித்தான்.' 'டம்ளரில் இருந்து டம்ளருக்குத் தண்ணீர் ஆற்றினான். வீடெல்லாம் ஈரம். அடித்தேன்.' 'கரண்டியால் காலிப் பாத்திரத்தைக் கிண்டி எல்லோருக்கும் சாம்பார் ஊற்றினான்.' பத்து நாளில் ஆறு நாள் சாம்பார்தான்! ஏழு காரையும் ஒரு நாள்கூடத் தொடவில்லை.

"சொப்பு சாமான் வாங்கிக் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்" என்றேன் இவரிடம்.

"சொப்பா? ஆம்பளப் பிள்ளைக்கா? வர்ற பிள்ளைங்க சிரிக்க மாட்டாங்க? பேசாம ஒரு கிரிக்கெட் பேட் வாங்கு" என்றார் அவர்.

நான் பதில் சொல்வதற்குள், முற்றத்தில் கீரை ஆய்ந்து கொண்டிருந்த அத்தை நிமிர்ந்தார்கள். "ஏல, கல்யாண வீட்டுல ஐந்நூறு பேருக்கு ஆக்கிப் போடுத தவசுப்பிள்ளை ஆம்பளையா, பொம்பளையா? நீ அஞ்சு வயசுப் பிள்ளையா இருக்கையில நான் டைபாய்டுல கிடந்தேன். உங்கப்பாவுக்கு ஒரு கஞ்சி வைக்கத் தெரியல. அடுத்த வீட்டு வாசல்ல தூக்குச் சட்டியோட நின்னாரு. அவரு கெட்டவரா? இல்ல. அவருக்கு யாரும் அடுப்புப் பக்கம் இடம் கொடுக்கல. என் பேரனுக்காவது கொடுங்க."

இவர் வாயைத் திறக்கவில்லை. எனக்கும் இது புதுச் செய்திதான். பத்து வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம், அத்தை இதை ஒரு நாளும் சொன்னதில்லை.

அத்தைக்குச் சொந்த ஊர் கல்லிடைக்குறிச்சி. பக்கத்து ஊரான அம்பாசமுத்திரம் மரச் சொப்புக்குப் பேர் போனது அல்லவா? அந்த வாரமே ஒரு கல்யாணத்துக்குப் போனவர்கள், தாமே கடையில் உட்கார்ந்து பார்த்து வாங்கி வந்துவிட்டார்கள். பனை ஓலைப் பெட்டிக்குள் அடுப்பு, பானை, இட்லிச் சட்டி, ஆட்டுரல், அம்மி, குடம், கரண்டி எல்லாம் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாக! கடைசல் சுற்றும்போதே அரக்கை வைத்து அழுத்துவார்களாம். அந்தச் சூட்டில் அது இளகி மரத்தில் பிடித்துக் கொள்ளும். பெயிண்ட் அடித்ததா, அரக்குச் சாயமா என்று கேட்டுத்தான் வாங்கினேன் என்றார்கள் அத்தை. மிளகு, ஏலக்காய் அளவில் இருந்த பொடிச் சாமான்களை அங்கேயே ஒதுக்கிவிட்டு, கைக்கு அடக்கமான பெரிய சொப்பாகவே எடுத்திருந்தார்கள்.

பிறந்த நாள் அன்று பந்தல் இல்லை, பலூன் இல்லை. பலூன் வேண்டாம் என்றதும் டாக்டர் அம்மாள் சொல்லித்தான். ஊதாத பலூனும் வெடித்த துண்டும் குழந்தை வாயில் போனால் மூச்சுக் குழாயை அடைத்துவிடும். அக்கம் பக்கத்துக் குழந்தைகள் நாலு பேர், கேசரி, வடை. அவ்வளவுதான். பயல் ஓலைப் பெட்டியைத் திறந்தான். கை தட்டல் கேட்கும் என்று பார்த்தால் சத்தமே இல்லை. ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் அடுக்கினான். பிறகு எழுந்து போய், எல்லோருக்கும் முன்னால் நாளிதழ்த் துண்டை இலையாகப் போட்டான். "அப்பா, உக்காருங்க."

இவர் உட்கார்ந்தார். பேண்ட்டோடு, சம்மணம் போட்டு. காலி இட்லிச் சட்டியைத் திறந்து, காலி இட்லியை எடுத்து வைத்து, காலிக் கரண்டியால் சாம்பார் ஊற்றி, "சுடுது, ஊதிச் சாப்பிடுங்க" என்றான் என் பிள்ளை. இவரும் ஊதி ஊதிச் சாப்பிட்டார். "இன்னும் ரெண்டு வைப்பா" என்று கேட்டபோது அவர் குரல் கொஞ்சம் கம்மியது. அத்தை கண்ணைத் துடைத்துக் கொண்டு உள்ளே போய்விட்டார்கள்.

வந்த பையன்கள் சிரித்தார்களா? எங்கே! கரண்டிக்கு அடிதடி!

சொப்புதான் வாங்க வேண்டும் என்று நான் சொல்ல வரவில்லை. உங்கள் பிள்ளை பஸ் விட்டால் பஸ், மண்ணைத் தோண்டினால் ஒரு சின்ன மண்வெட்டி. மூன்றிலிருந்து ஐந்து வயசுக்கு அடுக்கும் கட்டைகள், தடித்த கிரேயான், முனை மழுங்கின கத்தரிக்கோல், மூன்று சக்கர சைக்கிள், பந்து எல்லாம் நன்றாக ஓடும். படப் புத்தகத்தை மறந்து விடாதீர்கள். நேஷனல் புக் டிரஸ்ட், தூலிகா போன்ற பதிப்பகங்கள் தமிழில் அழகான படப் புத்தகங்கள் போடுகின்றன. மடியில் உட்கார வைத்து நாம் படித்துக் காட்ட வேண்டும் என்பதுதான் அந்தப் பரிசின் விலை. காசே இல்லையா? மைதா மாவில் பாதி அளவு உப்பு, கொஞ்சம் எண்ணெய், தண்ணீர் விட்டுப் பிசைந்து கொடுங்கள். ஒரு மத்தியானம் நிம்மதியாகப் போகும். உப்பு அதிகம், வாயில் போடாமல் மட்டும் பார்த்துக் கொள்ளுங்கள்.

கடைக்குப் போனால் நான் இப்போது கவனிப்பது இவ்வளவுதான். பாட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா? கழன்று விழும் சின்ன துண்டோ, சின்னக் காந்தமோ இருக்கிறதா? இரண்டு காந்தத்தை முழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்து ஓட்டை போட்டுவிடும். வயசு எத்தனை என்று பெட்டியில் போட்டிருக்கிறதா, நம் வீட்டில் அதைவிடச் சின்னக் குழந்தை தவழ்கிறதா? ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா? பதினாலு வயசுக்கு உட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் அந்த முத்திரை நம் நாட்டில் கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் செய்யும் பொம்மைகளுக்கு விலக்கு உண்டு. ஆகையால் அவற்றை நாமே தடவி, முகர்ந்து, சாயம் கையில் ஒட்டுகிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சொப்பு வந்து பதினோரு மாசம் ஆகிறது. ஒரு கரண்டிக் காம்பு உடைந்து, அத்தை நூல் சுற்றிக் கொடுத்திருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்போது இவர்தான் காப்பி போடுகிறார், மகன் பக்கத்தில் நின்று மேற்பார்வை பார்க்க!

அடுத்த மாசம் பயலுக்கு ஐந்து. "என்ன வாங்கப் போறே?" என்று அக்கா போன் செய்து கேட்டாள். "இன்னும் தெரியலை அக்கா" என்றேன். பால் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தை மடித்து வைத்திருக்கிறேன்.