படத்தில் நான்காமவர்

மட்டக்களப்பு வாவியின் கரையோரத்தில் அமைந்திருந்த எங்கள் பாடசாலையின் விஞ்ஞான அறையிலே ஒரு படம் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலே ஐவர் வரிசையாக நடந்தனர். முதலில், கைகளை நிலத்தில் ஊன்றிய வாலில்லாக் குரங்கு. இறுதியில், நெஞ்சு நிமிர்த்திய வெள்ளை மனிதன். நான்காமவரின் காலடியில் ‘நியண்டர்தால் மனிதன்’ என்று அச்சிட்டிருந்தது. ஒருநாள் இடைவேளையின்போது, அச்சொற்களின் மேல் ஒரு காகிதத் துண்டை ஒட்டினேன். அதில் எழுதியிருந்தது எங்கள் வகுப்பு மாணவன் ஒருவனின் பெயர்.

அவன் களுவன்கேணியைச் சேர்ந்தவன். கரையோர வேடர் குடும்பத்துப் பிள்ளை. எங்களைப் போலவே தமிழ் பேசினான், எங்களைவிட நன்றாக நீந்தினான். ஆயினும் ‘வேடன்’ என்ற சொல் எங்கள் வாயிலே ஒரு வசையாகவே வழங்கிற்று. அவன் படத்தைச் சற்று நேரம் பார்த்தான். பின்னர், “எங்கட அப்பா இப்பிடிக் கூனி நடக்கிறல்ல” என்றான். வகுப்பு முழுவதும் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த ஆண்டு அவன் படிப்பை விட்டுக் கடலுக்குச் சென்றுவிட்டான். என் காகிதத் துண்டே அதற்குக் காரணம் என்பது என்னை நானே பெரிதுபடுத்திக்கொள்வதாகும். வறுமை ஒன்றே போதுமானதாயிருந்தது. ஆனால் அதற்குப் பங்கேயில்லை என்று கூறவும் என்னால் இயலவில்லை.

அவன் சொன்னது விஞ்ஞானப்படியும் சரியானதென்பதை வந்தாறுமூலை வளாகத்துக்கு வந்த பின்னரே அறிந்தேன். 1908இல் பிரான்ஸின் லா சப்பெல் என்னும் ஊரருகே கிடைத்த ஒரு நியண்டர்தால் எலும்புக்கூட்டை ஆராய்ந்த மார்செலின் பூல், அம்மனிதர் முழங்கால் மடங்கிக் கூனி நடந்தவர் என்று எழுதினார். படங்கள் யாவும் அவ்வாறே வரையப்பட்டன. 1957இல் ஸ்ட்ராஸ், கேவ் என்னும் இருவர் அவ்வெலும்புகளை மீண்டும் பரிசோதித்தனர். அவர் மூட்டுவாதத்தால் வருந்திய மனிதர். அவ்வினத்தார் நம்மைப் போல நிமிர்ந்தே நடந்தவர்கள். பற்களிற் பெரும்பாலானவற்றை இழந்த பின்னரும் அவர் உயிர் வாழ்ந்திருக்கிறார் என்றால், யாரோ அவருக்கு உணவு பக்குவஞ்செய்து கொடுத்திருக்க வேண்டும் என்று கருதுவோர் உளர். நம் வீடுகளில் மூத்தோருக்குக் கஞ்சி கரைத்துக் கொடுப்பதை நினைத்துக்கொண்டேன்.

பிழை கூனலில் மட்டுமன்று, வரிசையிலேயே இருந்தது. நியண்டர்தாலரின் மூளை நமது மூளையிலும் சிறியதன்று. நாம் சிம்பன்சியிலிருந்து பிறந்தவர்களும் அல்லர். அதுவும் நாமும் ஏறத்தாழ 60, 70 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர் ஒரே மூதாதையிலிருந்து பிரிந்த கிளைகள். கிளைகளை ஏணிப்படிகளாக வரைந்தால், கீழ்ப்படியில் நிறுத்துவதற்கு எவரேனும் வேண்டும் அல்லவா? போல் சரசின், பிரிட்ஸ் சரசின் என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர் இருவர் 1880களில் இலங்கைக்கு வந்து வேடரின் எலும்புகளை அளந்தனர். சிம்பன்சியின் எலும்புகளோடு ஒப்பிட்டனர். 1892, 1893இல் வெளிவந்த தம் பெருநூலில் அவர்களை மனிதரின் அடிப்படியிலே வைத்தனர். நான் பள்ளியிற் காகிதத்தால் செய்ததை அவர்கள் பெருநூலாற் செய்திருந்தனர். வேடரின் மண்டையோடுகள் கடல்கடந்தும் போயின. எடின்பரோ பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒன்பதனை 2019இல் வேடர் தலைவர் வன்னியல எத்தோவிடம் திருப்பிக் கையளித்தது.

இத்தீவில் நியண்டர்தாலர் எலும்பு எதுவும் கிடைத்ததில்லை. ஆனால் ஐரோப்பாவில் அவர்கள் இன்னும் வாழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, களுத்துறை மாவட்டத்துப் பாகியன்கல குகையில் நம்மினத்தார் குரங்குகளை வேட்டையாடி, அவற்றின் எலும்பைத் தீட்டி அம்புமுனை செய்தனர். அவற்றுள் மிகப் பழையவை 48,000 ஆண்டு வயதுடையவை. மரத்துக்கு மரம் தாவும் குரங்கை வீழ்த்துவது எளிதன்று.

நியண்டர்தாலரோ முற்றாக அழிந்தவரும் அல்லர். ஸ்வான்டே பேபோ குழுவினர் 2010இல் அவர்களது மரபணுத் தொகுதியை வெளியிட்டபோது, ஆபிரிக்காவுக்கு வெளியே வாழும் எல்லோரிடத்தும் அதன் சிறு பங்கு உண்டென்பது தெரியவந்தது. கொரோனா நோயைக் கடுமையாக்கக்கூடிய ஒரு மரபணுப் பகுதி அவர்களிடமிருந்தே வந்ததென 2020இல் ஸெபர்க்கும் பேபோவும் எழுதினர். தெற்காசியரில் ஏறத்தாழப் பாதிப்பேர் அதைச் சுமக்கின்றனர். 2021இல் ஒக்சிசன் குழாயோடு படுக்கையிற் கிடந்தபோது, நான்காமவரை மிக அருகில் உணர்ந்தேன்.

சென்ற ஆவணியில் களுவன்கேணிக்குச் சென்று, அவன் பெயரைச் சொல்லி விசாரித்தேன். அப்பெயரில் இருவர் உள்ளனர் என்றும், இருவரும் கடலுக்குப் போயிருக்கின்றனர் என்றும் ஒரு பெண் கூறினாள். “என்ன அலுவல்?” என்று கேட்டாள். ஒன்றாகப் படித்தோம் என்றேன். நிழலில் ஒரு கதிரையைப் போட்டு, தேநீர் கொண்டுவந்து தந்தாள். இருள் சூழும்வரை இருந்துவிட்டுத் திரும்பினேன்.