சரித்திரக் கதை தரும் இன்பம்

மனமகிழ்ச்சிக்காகக் கற்கும் நூல்களுள் சரித்திரக் கதைகளைப்போல் எம் உள்ளத்தைக் கவர்ந்தவை பிற இல்லை. பண்டை அரசரும் சிற்பியரும் படைவீரரும் மீண்டும் உயிர்பெற்று நடமாடக் காண்பது ஒரு தனி இன்பம். ஆயின், அறிஞர் சிலர் இவ்வின்பத்தை ஐயுறுவர். ‘சரித்திரம் வேண்டுமாயின் சரித்திரத்தைப் படி, கதை வேண்டுமாயின் கதையைப் படி, இரண்டையும் கலந்து மயங்காதே’ என்பது அவர் கூற்று. இக்கூற்று முற்றும் தள்ளத்தக்கதன்று. எனினும், சுதந்திரத்தையும் பகுத்தறிவையும் போற்றும் சரித்திரக் கதை படிப்பவரை மயக்குவதில்லை, விழிக்கச் செய்கிறது என்பதே எம் துணிபு. எம் ஊரையும் அதனை அடுத்த மாநகரையும் சார்ந்த சில கதைகளைக் கொண்டே இதனை ஈண்டு விளக்க விழைகின்றோம்.

எம் ஊர் காஞ்சிபுரத்தைச் சார்ந்த ஓரிக்கை. அதன் பெயரே ஒரு கதை. திருமழிசையாழ்வாரின் மாணாக்கராகிய கணிகண்ணரை, தன்மீது பாட்டொன்று பாடுமாறு பல்லவ மன்னன் பணித்தானாம். அவர் மறுத்தார். மன்னன் அவரை நகரைவிட்டு வெளியேற்றினான். மாணாக்கர் புறப்பட, ஆசிரியரும் உடன் புறப்பட்டார். ஆசிரியர் சொற்கேட்டுத் திருவெஃகாவில் பள்ளிகொண்ட பெருமாளும் பாம்பணையைச் சுருட்டிக்கொண்டு பின்சென்றார். நகரம் இருளடைந்தது, மன்னன் வருந்தி வந்து வேண்ட, மூவரும் மீண்டனர். அவர்கள் ஓரிரவு தங்கியிருந்த இடமே ‘ஓரிரவிருக்கை’ எனப் பெயர்பெற்று ஓரிக்கையென மருவியது என்பர். இதனைச் சரித்திரமென நிலைநாட்ட யாம் முற்படவில்லை. ஆயினும் இக்கதையின் உயிர்நிலை யாது? புலவன் நா அரசன் ஆணைக்கு உட்பட்டதன்று என்பதே. பின்னர்ப் பள்ளியில், நேபுகாத்நேச்சார் நிறுத்திய பொற்சிலையை வணங்க மறுத்த மூன்று இளைஞரின் வரலாற்றைத் தானியேல் ஆகமத்தில் படித்தபோது, அவர்கள் எமக்கு அயலாராகத் தோன்றவில்லை. கணிகண்ணருக்கு உடன்பிறந்தாராகவே தோன்றினர்.

தமிழில் எழுந்த முதற் சரித்திர நாவல் எனப் போற்றப்படும் ‘மோகனாங்கி’ 1895ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதனை இயற்றியவர் திருகோணமலைத் தி. த. சரவணமுத்துப் பிள்ளை. பெண்களின் உரிமையை வற்புறுத்தும் ‘தத்தை விடு தூது’ என்னும் செய்யுள் நூலையும் அவரே இயற்றினார். ஆகவே, சரித்திர நாவல் என்னும் குழவி தமிழில் தோன்றும்போதே உரிமை வேட்கையுடையார் ஒருவர் கையில் தோன்றியது எனலாம்.

அக்குழவியை வளர்த்து வீடுதோறும் கொண்டுசேர்த்தவர் கல்கி ரா. கிருஷ்ணமூர்த்தி. அவர் நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர். அவருடைய ‘பார்த்திபன் கனவு’ 1941இல் தொடராக வெளிவரத் தொடங்கியது. பல்லவப் பேரரசுக்குக் கப்பங்கட்ட மறுத்து, வெல்ல இயலாதென அறிந்தும் போர்க்களம் புகுந்து மடிகின்றான் சோழ மன்னன் பார்த்திபன். அன்னியர் ஆட்சிக்கு உட்பட்டிருந்த அந்நாளில், கப்பம் என்னும் சொல் வாசகர் உள்ளத்தில் எதனை நினைவூட்டியிருக்கும் என்பதைக் கூறவேண்டுவதில்லை. காஞ்சியைச் சார்ந்த எமக்கோ அந்நூலில் மற்றொரு வியப்பும் உண்டு. கப்பம் கேட்கும் தலைநகர் எம் காஞ்சியே. மறுக்கும் ஊர் உறையூர். எம் நகரத்துக் கோட்டையையும் கலைச்சிறப்பையும் படித்துப் பெருமிதம் கொள்ளும் யாமே, அதற்கு எதிராக வாளெடுத்தவன் பக்கம் நின்று கண்ணீர் வடிக்கின்றோம். தன் ஊரை நேசிக்கும் ஒருவனைத் தன் ஊர் செய்யும் அநீதிக்கு எதிராக நிற்கச் செய்தல் எளிய செயலா? சட்டநூல் பல செய்யவியலாததைக் கதை ஒன்று செய்துவிடுகின்றது.

சுதந்திரம் வாளால் மட்டும் வருவதன்று என்பதை உணர்த்தியவர் காஞ்சியிலே 1909இல் பிறந்த அறிஞர் அண்ணா. 1940களில் அவர் எழுதிய ‘சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்’ என்னும் நாடகம், 1674இல் இராய்கட்டில் நடைபெற்ற முடிசூட்டு விழாவைச் சார்ந்தது. நாட்டை வென்ற வீரன், தன் குலம் முடிசூடுதற்குத் தகுமோ எனப் பிறர் ஆராய்ந்து இசைவு தரும்வரை காத்திருக்க வேண்டியதேன் என்பதே அந்நாடகம் எழுப்பும் வினா. காகபட்டராக அண்ணாவே நடித்தார். சிவாஜியாக நடித்த வி. சி. கணேசன் பெரியாரால் ‘சிவாஜி’ எனப் பெயர்பெற்றார். நாடகத்தின் முடிபுகளை ஏற்பாரும் மறுப்பாரும் உளர். ஆயினும், கோட்டையை வென்றபின்னும் மனத்துள் வெல்லவேண்டிய கோட்டை ஒன்று உண்டு என்பதை யார் மறுப்பர்?

இனி, அறிஞர் கூறும் மயக்கத்தைப் பற்றிச் சிறிது ஆராய்வோம். எம் ஊர்ப்பக்கத்துப் பட்டுத் தறிகளில் ‘கோர்வை’ என்றொரு வேலைப்பாடு உண்டு. சேலையின் உடலை ஒரு நிறத்திலும் கரையை மற்றொரு நிறத்திலும் தனித்தனி நாடா கொண்டு நெய்து, ஊடையிழைகளை ஒன்றோடொன்று பிணைப்பர். இணைப்பைக் கண்கள் காணலாம். ஆயின், இழுத்தாலும் அது பிரியாது. நல்ல சரித்திரக் கதையும் அத்தகையதே. கல்கியின் ‘சிவகாமியின் சபத’த்தில் மகேந்திரவர்மனும் நரசிம்மவர்மனும் புலிகேசியும் சரித்திரத்தில் வாழ்ந்தவர்; சிவகாமியும் ஆயனச் சிற்பியும் கற்பனையிற் பிறந்தவர். உடல் எது, கரை எது என அறிந்து உடுத்துவார்க்கு அழகு குறைவதில்லை.

அவ்வாறு அறிந்து படித்தால் விளையும் நன்மைக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். கி.பி. 642 அளவில் நரசிம்மவர்மன் சாளுக்கியர் தலைநகராகிய வாதாபியைக் கைப்பற்றினான். அந்நகர் எரியும் பகுதியைக் கதையிற் படிக்குங்கால், காஞ்சியார் நெஞ்சில் வெற்றிக்களிப்பு எழுதல் இயல்பே. ஆயின், நூலை மூடிவைத்து எம் நகரின் மேல்பாலுள்ள கைலாசநாதர் கோயிலுக்குச் செல்க. அங்கே தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு ஒன்று உளது. 8ஆம் நூற்றாண்டில் சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியை வென்றான். இராசசிம்மேச்சுரத்துச் செல்வத்தைக் கண்டும் அதனைக் கவராது இறைவனுக்கே விட்டுச் சென்றான் எனக் கூறுவது அது. வென்றவன் தன் புகழுக்காகப் பொறித்ததே அது எனலாம். எனினும், வாதாபி எரிந்ததற்குப் பழிவாங்க வந்தவன் கோயிலைக் காத்ததையே புகழெனக் கருதினான் என்பது சிந்திக்கத்தக்கது. பகைவனென்று கதையில் யாம் வெறுத்த குலத்தின் கையெழுத்து, யாம் போற்றும் கோயிலிலேயே நின்று எம் வெறுப்பைக் கண்டிக்கின்றது.

கதை இல்லையேல் அத்தூணின்முன் நிற்கும் ஆவல் எமக்குத் தோன்றியிராது. தூண் இல்லையேல் கதை எம்மைத் தற்பெருமையில் விட்டுச் சென்றிருக்கும். தன் ஊருக்கு மட்டும் விடுதலை வேண்டுவது விடுதலை வேட்கையன்று; அது வெற்றி வேட்கையே. அவ்வேட்கையைப் பிறருக்கும் உரியதாக்குவது பகுத்தறிவு. 1947இல் நாடு விடுதலை பெற்றது. பழம்போர்களின் பெயரால் அண்டை மாநிலத்தாரையும் அயல் சமயத்தாரையும் பகைக்கத் தூண்டும் கதைகள் இன்றும் எழுதப்படுகின்றன, படமாகவும் காட்டப்படுகின்றன. அவற்றை விலக்கும் ஆற்றலும் நற்கதை கற்ற நெஞ்சிற்கே உண்டு.

ஆதலின், இளைஞராகிய மாணவ நண்பர்காள்! சரித்திரக் கதைகளை அஞ்சாது படிமின், அழவேண்டுமிடத்து அழுமின், களிக்குமிடத்துக் களிமின். படித்து முடித்தபின், கதையில் தோற்றவன் தன் கதையை எழுதியிருப்பின் எவ்வாறு எழுதியிருப்பான் என ஒருமுறை எண்ணிப் பார்மின். அவ்வெண்ணம் தோன்றிய அன்றே நீவிர் படித்த கதை தன் பயனைத் தந்ததாகும்.